சேவல் பலூன்: ஒரு ஹவுஸ் சர்ஜனின் லேடெக்ஸ் ஒவ்வாமை

புதுச்சேரியில் உள்ள ஒரு போதனா மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நடந்தது இது. லேடெக்ஸ் என்பது கிளவ்ஸ் செய்யப் பயன்படும் ரப்பர் மரத்துப் பால். நோயாளி எங்கள் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), வயது 23, ஊர் பண்ருட்டிப் பக்கம். எழுதும் நான் மயக்கவியல் துறையில் இருக்கிறேன். அவருடைய ஒப்புதலோடு, அவரே ஒருமுறை படித்துத் திருத்திய பிறகு எழுதுவது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். "பி.பி. ரீடிங்கை மட்டும் மாத்திடாதீங்க சார், கேஸ் பிரசன்டேஷனுக்கு நல்லா இருக்கு" என்றார்.

நடந்தது

ஐப்பசி மாதம். டெங்கு உச்சத்தில் இருந்தது, ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள். ரவுண்ட்ஸ் முடிந்ததும் நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு வென்ஃப்ளான் (சலைன் ஏற்றக் கையில் போட்டுவைக்கும் ஊசிக்குழாய்) மாற்ற வேண்டியிருந்தது. பழையது போட்ட இடம் வீங்கிவிட்டது. ஊசியைப் பார்த்ததும் பையன் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்போது ஹவுஸ் சர்ஜன் செய்தது எந்தக் குழந்தைகள் வார்டிலும் தினம் நடப்பதுதான். பெட்டியிலிருந்து ஒரு கிளவ்ஸை உருவினார், வாயில் வைத்து ஊதினார், மணிக்கட்டுப் பக்கம் முடிச்சுப் போட்டார், விரல்கள் கொண்டையாக நிற்கும்படி திருப்பிப் பிடித்து, பேனாவால் கண்ணும் அலகும் வரைந்து "கொக்கரக்கோ" என்றார். பையன் முந்தானையை விட்டு வெளியே வந்தான். அவன் சேவலைப் பிடித்திருந்த நேரத்தில் இன்னொரு ஹவுஸ் சர்ஜன் மறு கையில் ஊசியைப் போட்டு முடித்துவிட்டார்.

ஊதும்போது முதல் தடவை காற்று திரும்பி வாய்க்குள்ளேயே வந்ததாம். உள்ளே இருந்த பவுடர் தொண்டையில் பட்டு இருமிவிட்டு, மறுபடி ஊதியிருக்கிறார். இதை மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றே யாராவது சொல்லியிருந்தால் இருபது நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

ஊதியது 11.20 மணி. ஐந்து நிமிடத்தில் உதடு அரித்தது, அண்ணம் நமநமத்தது. தொடர் தும்மல். கழுத்திலும் நெஞ்சிலும் காணாக்கடி மாதிரி தடிப்பு எழும்பியது. "ஏம்மா, மொகமெல்லாம் செவந்து கெடக்கு?" என்று கேட்ட சிஸ்டரிடம் "ஒண்ணுமில்ல சிஸ்டர், டஸ்ட் அலர்ஜி" என்று சொல்லிவிட்டு, தாய்மார்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், எழுந்து டியூட்டி ரூமுக்கு நடந்து போயிருக்கிறார். அந்த நடைதான் அன்றைக்குச் செய்த எல்லாவற்றிலும் ஆபத்தானது. அனஃபிலாக்சிஸில், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமையில், ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளிருக்கும் திரவமும் கசிந்துவிடும். அப்போது நின்றாலோ நிமிர்ந்து உட்கார்ந்தாலோ இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் இருக்காது. படுத்திருந்த நோயாளி எழுந்து உட்கார்ந்த கணத்தில் இறந்துபோன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

டியூட்டி ரூமில் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மூச்சு இழுத்தது. உடன் படித்த தோழி ஓடிவந்து ஊசி போட்டார். நரம்பு புடைக்கக் கையில் கட்டும் டூர்னிகெட் பட்டை பக்கத்தில் இல்லை. வார்டில் எல்லோரும் செய்வதுபோல ஒரு கிளவ்ஸையே எடுத்து முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினார். ஒரு அவில் (ஒவ்வாமை மருந்து), ஒரு எஃப்கார்லின் (ஸ்டீராய்டு). தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உடம்பு தடித்து வரும் எவருக்கும் கை தானாகத் தேடும் ஜோடி அது. முதலாவது அரிப்பைக் குறைக்கும். இரண்டாவது வேலை செய்யவே மணிக்கணக்காகும். இரண்டும் தொண்டை வீக்கத்தை உடனே இறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அட்ரினலின் அதே டிரேயில், அவிலுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. சின்னப் பெண்ணுக்கு எப்படிப் போடுவது, இதயம் தாறுமாறாக ஓடினால் என்ன செய்வது என்று தயங்கியதாகத் தோழி பிறகு சொன்னார். குற்றம் சொல்லவில்லை. அட்ரினலின் என்றால் இதயம் நின்றவருக்குப் போடுவது என்றுதான் பலரும் மனதில் பதித்துவைத்திருக்கிறோம்.

நான் போய்ச் சேர்ந்தது 11.42. பி.பி. 70/40, நாடி 138, சாச்சுரேஷன் 88. குரல் கம்மியிருந்தது. தரையிலேயே படுக்கவைத்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் 0.5 மி.கி. போட்டோம். ஒரு மி.லி. ஆம்பூலில் ஒரு மி.கி. இருக்கும், அதில் சரிபாதி. ஆக்சிஜன், ஓடவிட்ட சலைன். ஐந்து நிமிடத்தில் பி.பி. 84/50. இன்னொரு அரை மி.கி. போட்டதும் 96/60க்கு வந்து, இழுப்பும் தணிந்தது. எல்லோரும் மூச்சுவிட்டோம்.

அந்த நிம்மதி பதினைந்து நிமிடம்தான் நீடித்தது. 12.05க்கு மறுபடி இழுப்பு, மறுபடி பி.பி. இறக்கம். இரண்டாம் அலை என்று நினைத்தேன். அது பொதுவாகச் சில மணி நேரம் கழித்துத்தான் வரும், இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று யோசித்துக்கொண்டே அவர் கையைப் பார்த்தேன். டூர்னிகெட்டை எப்போதோ அவிழ்த்தாயிற்று. ஆனால் முழங்கைக்கு மேலே, சரியாகக் கட்டிய அகலத்துக்கு, வளையல்போல ஒரு சிவந்த தடிப்பு நின்றது. ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்திருந்த தோழி கையை மாற்றியபோது கன்னத்தைப் பார்த்தேன். நான்கு விரல்கள் பட்ட இடத்தில் நான்கு தடிப்பு.

மாஸ்க் பிடித்தவர் கையில் பவுடர் போட்ட லேடெக்ஸ் கிளவ்ஸ். சலைன் மாட்டியவர் கையிலும் அதே. என் கையிலும் அதே. காப்பாற்ற வந்த ஆறு பேரும் ஆளுக்கொரு ஜோடி போட்டு, கழற்றி, புதியதை மாட்டி, ஒவ்வொரு தடவையும் பட்டென்று இழுத்துவிட்டு, அந்தச் சிறிய அறையின் காற்று முழுக்கப் பவுடரைத் தூவியிருந்தோம்.

"எல்லாரும் கிளவ்ஸைக் கழட்டுங்க, கையைக் கழுவுங்க, ஜன்னலைத் திறங்க." மூன்றாவது அட்ரினலின். ஐ.சி.யூ.வுக்கு மாற்றி, அங்கே நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கிளவ்ஸ் மட்டும் என்று சொல்லி, கதவில் ஒரு தாளும் ஒட்டினோம். அதற்குப் பிறகு ஒரு தடிப்புகூட வரவில்லை. 24 மணி நேரம் கண்காணித்து அனுப்பினோம்.

முதலில் சந்தேகித்தது

மூல காரணம் லேடெக்ஸ் என்று எனக்கு உடனே தோன்றவில்லை. ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்பு அவர் இரண்டு குழந்தைகளுக்கு செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்தைக் கலக்கியிருந்தார். மருந்துக் குப்பியிலிருந்து தெறிக்கும் துளியாலேயே செவிலியர்களுக்கு ஒவ்வாமை வந்த வரலாறு உண்டு. அதனால் நான் முதலில் கை காட்டியது அதைத்தான். கை தேய்க்கும் மருந்தில் இருக்கும் குளோர்ஹெக்ஸிடின் அடுத்த சந்தேகம். காலையில் ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வளையல் தடிப்பையும் நான்கு விரல் தடத்தையும் பார்த்திராவிட்டால், செஃப்ட்ரையாக்ஸோன் ஒவ்வாமை என்று சீட்டில் எழுதிக்கொடுத்து, மூன்றாம் நாள் அவரை அதே வார்டுக்கு, அதே கிளவ்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் திருப்பி அனுப்பியிருப்போம்.

முன்கதை

மறுநாள் ஐ.சி.யூ.வில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். "எப்பலேர்ந்து?" என்று கேட்டதற்கு யோசிக்காமல் சொன்னார்: "லேபர் ரூம் போஸ்டிங்லேர்ந்து சார்."

ஏழு மாதம். பிரசவ அறையில் ஒரு இரவுக்கு எத்தனை ஜோடி மாற்றியிருப்பார் என்று கணக்குப் போடச் சொன்னேன். முப்பதுக்குக் குறையாது என்றார். முதல் மாதத்தில் புறங்கை காய்ந்து வெடித்தது. பிறகு மணிக்கட்டு வரை செதில்செதிலாகி, கிளவ்ஸ் முடியும் இடத்தில் கோடு போட்டாற்போல நின்றது. "சைஸ் சின்னதா இருக்குன்னு நெனச்சேன் சார், ஆறுலேர்ந்து ஆறரைக்கு மாறினேன்." மாறியும் குறையவில்லை. மெடிக்கல் ரெப் கொடுத்த க்ளோபெட்டசால் சாம்பிளைத் தடவினார். அறுவை சிகிச்சை போஸ்டிங்கில் கிளவ்ஸ் போட்ட ஐந்து நிமிடத்தில் அரிப்பு, மாஸ்க்குக்குள் தும்மல், மூக்கொழுக்கு. "ஜலதோஷத்தோட எதுக்கும்மா ஸ்டெரைல் ஏரியாவுக்கு வர்றே?" என்று ஒரு சீனியர் சத்தம் போட்டபின் தினமும் இரவு ஒரு செட்ரிசின். தும்மல் அடங்கியது. எச்சரிக்கையும் அடங்கியது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும். புதுச்சேரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, உப்புக் காற்று என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். வேலைக்கு வந்தால் வரும், லீவில் போய்விடும்: தொழில்சார் நோய்க்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "எங்க ஆயா கையைப் பாத்திருந்தா நீங்க கேக்க மாட்டீங்க சார். முந்திரி ஒடச்சு ஒடச்சு வெரலெல்லாம் கறுத்து, தோலு உரிஞ்சு கெடக்கும். வேலை செய்யிற கைன்னா அப்படித்தான்னு பாத்தே வளந்தேன்."

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்தவர்களின் கையை நானும் பார்த்திருக்கிறேன். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைச் சுடும். சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். இந்த ஒவ்வாமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மரமும் வேறு, நோயின் வழியும் வேறு. ஆனால் வெந்த கையை வேலையின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் முந்திரிக் கொட்டகையோடு நின்றுவிடவில்லை. எங்கள் ஆபரேஷன் தியேட்டரில், வெடித்த கையோடு ஸ்க்ரப் செய்த பெண்ணை ஏழு மாதம் பார்த்தும் பேராசிரியர்கள் உட்பட ஒருவரும் "என்னம்மா இது?" என்று கேட்கவில்லை. நானும் இரண்டு முறை அவரோடு ஒரே தியேட்டரில் இருந்திருக்கிறேன்.

இன்னொரு துப்பும் இருந்தது. டெங்கு வந்தால் பிளேட்லெட் ஏறும் என்று நம்பி, வார்டுக்கு வரும் உறவினர் பாதிப்பேர் கிவி வாங்கி வருகிறார்கள். (ஏறுமா என்பது வேறு பஞ்சாயத்து.) "டாக்டரம்மா, நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்க" என்று ஒரு பாட்டி அறுத்துக் கொடுத்த துண்டைச் சாப்பிட்டு, நாக்கு அரித்து, வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறார். வாழைப்பழம் சாப்பிட்டாலும் சில மாதங்களாக உதடு நமநமத்திருக்கிறது. சின்ன வயதில் வீசிங், முழங்கை மடிப்பில் கரப்பான். இத்தனையும் அவர் வாயாலேயே வந்த பிறகு, சிரித்துக்கொண்டே சொன்னார்: பி.ஜி. நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தாளில் "வாழைப்பழம், கிவி, கிளவ்ஸ்" கேள்வி வந்தது, சரியான விடையைத்தான் குறித்தாராம்.

சோதனைகள்

சம்பவம் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் ட்ரிப்டேஸ் (ஒவ்வாமையின்போது மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் வெளிவிடும் நொதி) 21.4, ஒரு மாதம் கழித்து, உடம்பு சாதாரணமாக இருந்தபோது 4.2. அடிப்படை அளவை 1.2 ஆல் பெருக்கி 2 கூட்டினால் வரும் எண்ணைத் தாண்டினால் மாஸ்ட் செல்கள் வெடித்தது உறுதி. இங்கே அந்த எல்லை 7.04. லேடெக்ஸுக்கான ஐ.ஜி.ஈ. (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) 8.6 (0.35க்கு மேல் இருந்தாலே நேர்மறை). ஆறு வாரம் கழித்து செஃப்ட்ரையாக்ஸோனுக்கும் குளோர்ஹெக்ஸிடினுக்கும் செய்த தோல் சோதனையில் ஒன்றும் எழவில்லை. வேர்க்கடலைச் சட்னியை அதற்குள் அவரே இரண்டு முறை சாப்பிட்டுவிட்டார்.

லேடெக்ஸுக்குத் தோல் குத்துச் சோதனை செய்யவில்லை. தரப்படுத்திய சாறு எங்கள் கைக்கு எட்டவில்லை. கிளவ்ஸ் துண்டை உப்புநீரில் ஊறவைத்து வீட்டுப் பக்குவத்தில் செய்பவர்கள் உண்டு, ஆனால் அதில் எவ்வளவு புரதம் இறங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று அட்ரினலின் வாங்கிய பெண்ணிடம் அந்த விளையாட்டு வேண்டாம். நனைத்த விரலில் கிளவ்ஸின் ஒரு விரலை மாட்டிப் பார்க்கும் சோதனையையும் அதே காரணத்துக்காகத் தவிர்த்தோம். ஒன்று சொல்ல வேண்டும்: ரத்தச் சோதனை லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் எல்லோரையும் பிடிப்பதில்லை. கதை வலுவாக இருந்து ஐ.ஜி.ஈ. எதிர்மறையாக வந்தால், நம்ப வேண்டியது கதையை.

எதிர்பாராத திருப்பம் தோல்நோய்த் துறையிலிருந்து வந்தது. கை இன்னும் முழுதாக ஆறவில்லையே என்று முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். 48 மணியிலும் 96 மணியிலும் ரப்பரில் சேர்க்கும் தையூரம் என்ற வேதிப்பொருள்களின் கலவை ஒட்டிய இடம் மட்டும் சிவந்து கொப்பளித்தது. அதாவது ஒரே கையில் இரண்டு ஒவ்வாமை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது நல்லது, ஏனென்றால் கிளவ்ஸ் போட்டுக் கை கெட்டவர்கள் எல்லோரையும் "லேடெக்ஸ் அலர்ஜி" என்ற ஒரே மூட்டையில் கட்டுவது வழக்கம். பெரும்பாலோருக்கு இருப்பது ஒவ்வாமையே அல்ல. அடிக்கடி கழுவுவதும், ஈரம் காயுமுன் மாட்டுவதும், வியர்வையும் பவுடரும் உரசுவதும் சேர்ந்து தோலைக் கெடுத்துவிடும் எரிச்சல். இரண்டாவது, ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற முடுக்கிகளுக்கு ஓரிரு நாள் கழித்து வரும் தோல் அழற்சி. அது உயிரை வாங்காது, ஆனால் விடாது. மூன்றாவதுதான் ரப்பர் பாலின் புரதத்துக்கு நிமிடங்களில் வரும் ஒவ்வாமை: அரிப்பு, தும்மல், இழுப்பு, கடைசியில் டியூட்டி ரூம் தரை. இவருக்கு மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வந்திருக்கின்றன. எரிச்சலில் வெடித்த தோல் கதவைத் திறந்துவிட்டது. மற்ற இரண்டும் அந்த வழியாக உள்ளே வந்தன என்பது என் கணிப்பு.

புரதமும் பவுடரும்

ரப்பர் மரம் தன் மேல் விழுந்த வெட்டை மூடவும் பூஞ்சையைத் தடுக்கவும் பாலில் சில காவல் புரதங்களை வைத்திருக்கிறது. ஹெவீன் அவற்றில் ஒன்று. மருத்துவத் துறையினரின் ஒவ்வாமையில் முன்னால் நிற்பது அதுதான். அதே சாயலுள்ள காவல் புரதங்கள் வாழை, கிவி, அவகாடோ ஆகியவற்றிலும் இருக்கின்றன. உடம்பு ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறது. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப்பேர் வரை ஏதோ ஒரு பழத்துக்கு இப்படி நமநமப்பார்கள்.

கிளவ்ஸ் செய்யும்போது கை அச்சைப் பாலில் முக்கி எடுத்து, வெந்நீரில் நன்றாக அலசினால் கரையும் புரதம் பெருமளவு போய்விடும். அலசலைக் குறைத்தால் தங்கிவிடும். வியர்த்த கையில் அது மறுபடி கரைந்து தோலுக்கு வருகிறது. சித்திரையில் புதுச்சேரி வார்டில் ஒரு மணி நேரம் கிளவ்ஸ் போட்டுக் கழற்றியவர்களுக்கு உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பவுடர் என்பது மக்காச்சோள மாவு. அதற்கு யாருக்கும் அநேகமாக ஒவ்வாமை கிடையாது. ஆனால் புரதத்தை ஒட்டிக்கொண்டு காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். கிளவ்ஸே போடாதவரின் மூக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1889-90 குளிர்காலத்தில், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரச உப்பால் கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் செவிலியின் கை வெந்துபோனது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கிளவ்ஸ் செய்யவைத்தார். பிறகு அவரையே மணந்தார். தியேட்டர் கிளவ்ஸ் பிறந்தது வெந்துபோன ஒரு கைக்காக. நோயாளியைக் காப்பது என்ற நோக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நூறாண்டு யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. எய்ட்ஸ் பயத்தில் 1987-இல் அமெரிக்கா எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறை என்று விதித்ததும் கிளவ்ஸ் தேவை பல மடங்கு பெருகியது. சில ஆண்டுகளிலேயே மருத்துவர்களும் செவிலியர்களும் மூச்சிழுக்க ஆரம்பித்தார்கள். பேரியம் எனிமா கொடுக்கும் குழாயின் லேடெக்ஸ் பலூனால் நோயாளிகள் இறந்தபின், 1991-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. தொடர்ந்து கிளவ்ஸ் போடும் மருத்துவத் துறையினரில் 100-க்கு 8 முதல் 12 பேருக்கு உடம்பில் இந்த உணர்திறன் உண்டு என்று 1997-இல் அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எழுதியது. 1998-இல் ஜெர்மனி பவுடர் போட்ட லேடெக்ஸ் கிளவ்ஸை வேலையிடங்களிலிருந்து விலக்கியது; புதிய நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்கா பவுடர் கிளவ்ஸ் எல்லாவற்றையும் தடை செய்தது. எங்கள் டியூட்டி ரூமில், இந்தச் சம்பவம் நடந்த நாளில், மேசை மேல் இருந்த பெட்டியில் "லேசாகப் பவுடர் இடப்பட்டது" என்று பெருமையோடு அச்சடித்திருந்தது.

பிறகு

அவருக்கு லேடெக்ஸ் இல்லாத கிளவ்ஸ் கொடுத்தால் போதும் என்றுதான் நிர்வாகத்தில் முதலில் சொன்னார்கள். போதாது. அன்றைக்கு அவரை மறுபடி வீழ்த்தியது அடுத்தவர்களின் கிளவ்ஸ். அவர் நைட்ரைல் போட்டு, பக்கத்தில் நிற்பவர் பவுடர் லேடெக்ஸை உதறினால் கணக்கு ஒன்றுதான். மாற வேண்டியது அவரைச் சுற்றியிருக்கும் கைகள். இந்த ஒன்றை ஸ்டோர்ஸுக்குப் புரியவைக்க மூன்று கடிதமும் ஒரு கூட்டமும் ஆயிற்று. "ஒரு ஹவுஸ் சர்ஜனுக்காக ஆஸ்பத்திரி முழுக்கவா டாக்டர்?" என்று கேட்ட அதிகாரியிடம், தண்டுவடக் குறையோடு பிறந்து, சிறுநீர் வடிக்கத் தினமும் ரப்பர் குழாய் நுழைக்கப்படும் குழந்தைகள்தான் இந்த ஒவ்வாமைக்கு எல்லோரையும்விட அதிகமாக ஆளாகிறவர்கள், அவர்கள் நம் வார்டிலும் இருக்கிறார்கள் என்று சொன்னேன். பேனாவை எடுத்தார்.

இப்போது வார்டுகளில் பரிசோதனைக்கு நைட்ரைல். தியேட்டரில் பவுடர் இல்லாத லேடெக்ஸ். அவர் ஸ்க்ரப் செய்யும் நாளில் அந்த மேசையில் எல்லோருக்கும் பாலிஐசோப்ரீன். அது ரப்பரின் செயற்கைப் பதிப்பு. மரத்தின் புரதம் கிடையாது. விலை அதிகம், அதனால் எண்ணித்தான் தருகிறார்கள். சின்ன சைஸ் நைட்ரைல் மாதக் கடைசியில் தீர்ந்துவிடுகிறது, அப்போது பழைய பெட்டி எங்கிருந்தோ முளைக்கிறது. வார்டில் கிளவ்ஸை டூர்னிகெட்டாகக் கட்டுவதை நிறுத்தச் சொல்லி எழுதிய சுற்றறிக்கைக்குக் கீழேயே போன வாரம் ஒன்றைக் கட்டியதைப் பார்த்தேன். நைட்ரைல்தான் என்பதால் சும்மா வந்துவிட்டேன்.

தையூரம் பிரச்சினை இன்னும் முழுக்கத் தீரவில்லை. நைட்ரைலிலும் பாலிஐசோப்ரீனிலும் முடுக்கிகள் சேர்ப்பது வழக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வாமை தராது என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிப் பயனில்லை. அந்த வாசகத்தை கிளவ்ஸ் பெட்டிகளிலிருந்து அமெரிக்கா 1998-லேயே எடுக்கச் சொல்லிவிட்டது. முடுக்கி இல்லாத நைட்ரைல் ஒன்று கிடைத்தது. அதைப் போடும் நாட்களில் கை நன்றாக இருக்கிறது. அது தீர்ந்துபோன வாரம் பார்த்தால் இரண்டு விரலிடுக்கில் மறுபடி செதில்.

அட்ரினலின் பேனா ஊசி நம் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் இரண்டு ஆம்பூல், இரண்டு 1 மி.லி. சிரிஞ்ச், "தொடையில், அரை மி.லி." என்று எழுதிய தாள், மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். தினசரி செட்ரிசினை நிறுத்தினோம், அரித்தால் தெரியட்டும். பல் மருத்துவரிடம் போனாலும் ஸ்கேன் எடுக்கப் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது என்ன என்று எழுதிக்கொடுத்தோம். பிறந்தநாள் பலூன், ஆணுறை, வெந்நீர்ப் பை எல்லாம் பட்டியலில் வந்தன. சுவருக்கு அடிக்கும் லேடெக்ஸ் பெயிண்ட் வரவில்லை. பெயர்தான் ஒன்று, அதில் ரப்பர் மரத்தின் பால் கிடையாது.

அம்மாவை வரவழைத்து ஊசி போடக் கற்றுக்கொடுத்தோம். காய்ச்சி வடித்த நீர் ஆம்பூலை முதல் தடவை உடைக்கும்போது கை நடுங்கி நொறுக்கிவிட்டார். மூன்றாவதைச் சரியாக உடைத்து, சாத்துக்குடியில் குத்திப் பழகினார். போகும்போது வாசலில் நின்று, அவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்: "சார், கொல்லையில ரெண்டு பலாமரம் நிக்குது. வெட்டிரவா?"

பலாப்பாலும் ரப்பர் பாலும் ஒன்று என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலா அறுக்கும் வீட்டில் அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. பலாவுக்கும் சேர்த்து ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்தான். ஆனால் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக ஒத்துக்கொள்ளும் பழத்தை நிறுத்தச் சொல்வதில்லை. கை மோசமாக வெடித்திருந்த சமயத்திலும் லீவில் போனபோது பலா சாப்பிட்டாயா என்று மகளிடம் கேட்டேன். "நெறைய சார்." வாய் அரித்ததா? இல்லை. வாழையையும் கிவியையும் விட்டுவிடு, பலா இருக்கட்டும் என்றேன். அம்மா சாத்துக்குடியை மறக்காமல் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பினார்.